லெஸ்ஸின் கடைசிச் சரணம்

ஹோபார்ட்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒருவருடைய வாய் அசைகிறது, குரலும் கேட்கிறது. அவர் பாடினார் என்று சொல்லிவிடலாமா? எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத எனக்கு வராது. நீங்கள் என்னை அனுப்பியதும் அதனால்தானே.

சால்ட்புஷ் இசைக்குழுவின் பழைய கச்சேரிப் படத்தை நேற்றுப் பார்த்துவிட்டேன். அரங்கில் முக்கால்வாசிப் பேர் உங்கள் வயதுக்காரர்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஆடினார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் திரையைக் காட்டி மனைவியிடம், "அந்தச் சட்டை எங்கிட்டயும் இருந்துச்சு. நீதான் அத வச்சுத் தரை துடைச்சே" என்றார். "உன் தொப்பை அதுக்குள்ள போயிருந்தா நான் ஏன் துடைக்கப்போறேன்?" என்றார் அந்த அம்மாள்.

பழைய படச்சுருளை எப்படித்தான் சுத்தம் செய்தார்களோ, நேற்று எடுத்தது போல இருக்கிறது. நம் வீட்டு வீடியோ கேசட்டில் எல்லோரும் கஞ்சியில் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி தெரிவார்கள். இதில் டிரம் வாசிப்பவரின் விரலில் சுற்றிய பிளாஸ்திரிகூடத் தெரிகிறது.

நீங்கள் கேட்ட இடத்துக்கு வருகிறேன். அந்த மெதுவான பாட்டு, நடுவில் கிடார் தனியாக வாசித்து முடிந்ததும் வரும் கடைசிச் சரணம். நம் கேசட்டில் அங்கே பாடகர் லெஸ்ஸின் குரலே இருக்காது. புதிய படத்தில் முழுச் சரணமும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் கடைசியில் ஓடும் எழுத்துகளில், சில இடங்களில் ஒலியை வேறு கச்சேரிகளிலிருந்து எடுத்துச் சேர்த்ததாகப் போட்டிருக்கிறார்கள். எந்த இடங்கள் என்று போடவில்லை. ஆகவே நான் கேட்டது லெஸ்ஸின் குரல். அந்த இரவின் குரல்தானா என்று சொல்ல முடியாது. அவர் பாட்டை நிறுத்திவிட்டார் என்பது உங்கள் கட்சி. 'நான் பாடினேன், சவுண்ட் பார்த்த மெர்வ்தான் என் குரலை அமுக்கிவிட்டான்' என்று உங்கள்மேல் பழி போட்டது அவர் கட்சி. என் சாட்சியம் இரண்டு பக்கத்துக்கும் உதவாது.

காது மெஷின் இன்னும் இழுப்பறையிலேயே தூங்குகிறதா?

அன்புடன்,
நரெல்


வயல்லா
11 ஆகஸ்ட்

என் கண்ணு நரெலுக்கு,

கடிதம் வந்தது. மழை அளவு அறிக்கை படிப்பது போல இருந்தது. அதற்காகக் குறை சொல்லவில்லை, கொஞ்சம்தான் சொல்கிறேன்.

காது மெஷின் தூங்கவில்லை, செத்துவிட்டது. போட்டால் நாய் குரைப்பும் கெட்டில் கூவுவதும் மட்டும் கேட்கிறது. அதற்கு இதுவே மேல்.

இன்னொரு முறை போ. இந்த முறை காதில் பஞ்சை அடைத்துக்கொள். உன் அப்பன் செவிடன், நீயும் கொஞ்ச நேரம் செவிடாகிப் பார். வாயை மட்டும் பார். ஒலியை எப்படி வேண்டுமானாலும் ஒட்டலாம், அதைச் செய்து சோறு தின்றவன் நான்.

எதற்கு இந்தப் பிடிவாதம் என்று கேட்பாய். அந்த ஒரு சரணத்தால் கச்சேரியின் இசைத்தட்டு வெளிவராமல் போனது. பத்து நாளில் என்னையும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். சவுண்ட் போர்டின் முன்னால் மெர்வ் தூங்கிவிட்டான் என்று லெஸ் ஊரெல்லாம் சொன்னான். அவனோடு அன்றைக்கு விட்ட பேச்சுதான். போன வருஷம் அவன் இறந்தபோது அடக்கத்துக்குக்கூட நான் போகவில்லை. அவன் மனைவி பெரில் இரண்டு கடிதம் போட்டாள், பதில் எழுதவில்லை. அவன் நிறுத்தியிருந்தால் நான் செய்தது நியாயம். பாடியிருந்தால் என்ன என்பதை எழுதக் கை வரவில்லை.

செப்டம்பர் ஏழாம் தேதி இங்கேயும் ஒரு காட்சி போடுகிறார்கள். நான் போவதாக இல்லை. எல்லோரும் ஆடும்போது நான் மட்டும் மீன்தொட்டியைப் பார்ப்பது போல உட்கார்ந்திருக்கவா?

அப்பா


ஹோபார்ட்
18 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

போனேன். டிக்கெட் கொடுக்கும் பெண், "மறுபடியுமா? பெரிய ரசிகையா நீங்க?" என்றாள். "இல்ல, சாட்சி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் அதை விளக்கத் தோன்றவில்லை.

பஞ்சு வைத்துக்கொண்டேன். கிடார் முடிந்ததும் லெஸ் மைக்குக்கு வருகிறார். முதல் வரிக்கு அவர் உதடுகள் பாட்டோடு பொருந்துகின்றன. பஞ்சைத் தாண்டியும் கொஞ்சம் கேட்டதால் இதைச் சொல்ல முடிகிறது. பிறகு பொருந்தவில்லை. கூட்டத்துக்கு மேலே, தூரத்தில் எதையோ பார்த்து ஒரே சொல்லை மூன்று தடவை சொல்கிறார். உதடுகள் ஒட்டிப் பிரிகின்றன. உடனே மேல்பல் கீழுதட்டில் படுகிறது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று சில சொற்களைச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. ஊகத்தை எழுதமாட்டேன். உதடு படிக்கத் தெரிந்தவர் நீங்கள். நீங்களே பார்க்க வேண்டும். ஆறாம் தேதி வருகிறேன். இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். எனக்கு நான்கு வயதாகும் வரை நீங்கள் எனக்கு வெறும் தபால் அட்டைதான். படத்தில் ஒட்டகமோ கடற்கரையோ இருக்கும், பின்னால் உங்கள் கையெழுத்து இருக்கும். பிறகு ஒரு நாள் பெட்டியோடு வந்தீர்கள், அப்புறம் போகவே இல்லை. அம்மா அன்றைக்கு அழுதார். நான் உங்கள் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேனாம். அந்தச் சரணம் பாழானதால் எனக்குக் கிடைத்தவர் நீங்கள். எனவே இந்த வழக்கில் நான் நடுநிலையானவள் அல்ல.

அன்புடன்,
நரெல்


வயல்லா
26 ஆகஸ்ட்

நரெல் கண்ணு,

நீ எழுதியதை நாலைந்து தடவை படித்துவிட்டேன். உதடு ஒட்டித் தொடங்கி, பல் உதட்டில் பட்டு முடியும் சொல் அந்த மேடையில் ஒன்றுதான் உண்டு. நானும் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன்.

என் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கிடார் தனியாக வாசிக்கும்போது பாடகனின் மைக்கை இறக்கிவிடுவேன். இல்லாவிட்டால் பின்னாலிருக்கும் டிரம் சத்தமெல்லாம் அதற்குள் புகுந்துவிடும். கிடார் முடிகிற நேரத்தில் அந்த விசையைக் கட்டைவிரலால் மேலே தள்ள வேண்டும். அப்போதுதான் அவன் குரல் வெளியே வரும். ஒவ்வொரு ராத்திரியும் தள்ளியிருக்கிறேன். அன்றும் தள்ளினேன். தள்ளியதாகத்தான் நினைவு. இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி அது நினைவா, வெறும் சொல்லா என்பதே தெரியவில்லை.

வா. ஸ்னாப்பர் மீன் வாங்கி வைக்கிறேன். வரும்போது பெரிய பலூன் ஒன்று வாங்கி வா. சிரிக்காதே. அணைத்துப் பிடித்துக்கொண்டால் பேஸ் கிடாரின் அதிர்வு விரலுக்குத் தெரியும்.

அப்பா


வயல்லா
12 செப்டம்பர்

நரெல் கண்ணு,

நீ போனதிலிருந்து வீட்டில் மீன் வாசம் மட்டும்தான் துணை.

ஒரு விஷயம். படம் ஓடும்போது நான் வாய்விட்டு ஏதாவது சொன்னேனா? ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேக்கரிக்காரி இப்போது என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள். நான் மனசுக்குள் நினைத்தேனா, வெளியே சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் பெரில் வீட்டிலும் நான் பார்க்காத நேரத்தில் நீங்கள் இருவரும் என்னமோ பேசிக்கொண்டீர்கள்.

நடந்ததை அப்படியே எழுது. உன் மழை அறிக்கை மாதிரியே எழுது.

அப்பா


ஹோபார்ட்
19 செப்டம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் வாய்விட்டுத்தான் சொன்னீர்கள், நல்ல சத்தமாகவே.

சிவப்புப் பலூனை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தீர்கள். முதல் பாட்டிலேயே, "பேஸ் ரொம்ப ஜாஸ்தி, கெடுத்துட்டானுங்க" என்றீர்கள். பின்வரிசையில் ஒருவர், "தாத்தா, பலூனோட பேசாதீங்க" என்றார். அது உங்களுக்குக் கேட்கவில்லை.

மெதுவான பாட்டு வந்தது. கிடார் தனியாக வாசிக்கும்போது கேமரா மேடையின் பின்னாலிருந்து கூட்டத்தைக் காட்டுகிறது. கூட்டத்துக்கு அப்பால் சவுண்ட் போர்டு வைத்த ஒரு கொட்டகை, ஒரு விளக்கு, அதன் கீழே ஓர் ஆள். பழைய கேசட்டில் அது ஒரு வெள்ளைப் புள்ளி. முன்பு இரண்டு தடவை பார்த்தும் நான் கவனிக்கவில்லை. லெஸ்ஸின் வாய்க்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆளின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சொன்னீர்கள்: "அடப்பாவி, ரசிச்சுக்கிட்டு நிக்கறான் பாரு!"

பாதி அரங்கம் சிரித்தது. திரையில் லெஸ் மைக்குக்கு வந்தார். ஒரு வரி பாடினார். பிறகு அந்தச் சொல். "என்னைத்தான் கூப்பிடறான்" என்றீர்கள், இப்போது மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை. பலூன் உங்கள் மடியிலிருந்து உருண்டு போனது. உங்கள் வலது கட்டைவிரல் நாற்காலிக் கையின் மேல் நிதானமாக முன்னால் நகர்ந்து, கடைசிவரை போய் நின்றது. பாட்டு முடியும் வரை அதை நீங்கள் எடுக்கவில்லை. நான் பலூனைத் தேடுவது போலக் கீழே குனிந்துகொண்டேன்.

நீங்கள் தூங்கவில்லை அப்பா. லெஸ் சொன்னதும் தவறு, நீங்கள் சொன்னதும் தவறு. அன்றிரவு வீட்டில் நீங்கள் மீனைத் தொடவில்லை. "நாளைக்கு போர்ட் அகஸ்டா போயி பெரிலைப் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

மறுநாள் நடந்தது இது. பெரில் கதவைத் திறந்தார். நீங்கள் வணக்கம்கூடச் சொல்லாமல், "லெஸ் பாடினான் பெரில். நான்தான் மைக்கை ஏத்தலை" என்றீர்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, "தெரியும்யா. சாகுற வரைக்கும் அதைத்தானே சொல்லிக்கிட்டிருந்தான். ஷூவைத் துடைச்சிட்டு உள்ள வா" என்றார். டீ குடித்தோம். அதன் பிறகு லெஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. அவருடைய எலுமிச்சை மரத்துக்கு வந்த பூச்சியைப் பற்றி மட்டும் பேசினோம். பூச்சியைப் பற்றி நான்தான் அதிகம் பேசினேன்.

கிளம்பும்போது நீங்கள் முன்னால் நடந்தீர்கள். பெரில் வாசலில் நின்று, "மெர்வ்!" என்றார். மறுபடி கூப்பிட்டார். மறுபடியும். நீங்கள் கார் கதவில் கை வைத்துவிட்டீர்கள். "கேக்காதுல்ல இவனுக்கு" என்று என்னிடம் சொன்னார். நீங்கள் பார்க்காத நேரத்தில் நாங்கள் பேசியது அவ்வளவுதான். நான் ஓடிவந்து உங்கள் தோளைத் தொட்டேன். திரும்பினீர்கள். பெரில் உங்கள் தொப்பியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அன்புடன்,
நரெல்