சாத்தானின் மேசையில் ஒரு தேங்காய்

அக்கா,

இன்று காலை குளிர்கோட்டைத் துவைக்க எடுத்து, பையைத் தட்டினேன். அந்தச் சிவப்புக் கல் தரையில் விழுந்தது. புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிது. கோட்டை அப்படியே போட்டுவிட்டு உங்களோடு பேச உட்கார்ந்துவிட்டேன்.

முதியோர் இல்லச் சமையலறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கிழங்கு உரித்தவர்கள் நாம். உங்கள் மார்பில் கட்டி என்று தெரிந்த மாதம், சுவர்க் கலண்டரில் படமாக இருந்தது அந்தப் பாறைதான். ஒல்லிக் காலில் பெரிய பலகை வைத்தது போல நிற்பதால் இந்த நாட்டவர் அதைச் சாத்தானின் மேசை என்பார்கள். எனக்கு அது காது விரித்த யானைமுகமாகத் தெரிந்தது. சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தால் அங்கே வந்து தேங்காய் உடைக்கிறேன் என்று படத்தைப் பார்த்தே நேர்ந்துவிட்டேன். வெட்டுகிறது டொக்டர், தேங்காய் மட்டும் பிள்ளையாருக்கோ என்று நீங்கள் பகிடி பண்ணினீர்கள். ஆனாலும் உடம்பு தேறியதும் என்னோடு வந்தீர்கள்.

காட்டுப் பாதையில் மூன்று இடத்தில் இருந்து இளைப்பாறினீர்கள். மேலே போனதும், அவ்வளவு பெரிய பாறை எப்படி விழாமல் நிற்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். நான் கற்பூரத்தை எடுக்க, காட்டைக் கொளுத்திவிடுவேன் என்று லைட்டரைப் பறித்துக்கொண்டீர்கள். தேங்காயையாவது விடுவேனா? ஓங்கி அடித்தேன். அது லேசில் உதிரும் மணற்கல் என்பது எனக்குத் தெரியாது. தேங்காய் உடையவில்லை. கல்லில்தான் ஒரு சில்லுத் தெறித்தது.

நேர்த்தித் தேங்காய் உடையாவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்திலேயே குந்தி அழுதேன். நாயோடு வந்த பெரியவர் ஒருவர், இது பாதுகாக்கப்பட்ட பாறை என்று கண்டித்தார். நீங்கள் எனக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு, சில்லைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டீர்கள்.

"கல்லுத்தான் உடைஞ்சது, நான் உடையேல்லை. அழாதையும்."

சரிவில் உருண்ட தேங்காயையும் தேடி எடுத்து, வீட்டுக்கு வந்து சம்பல் போட்டீர்கள். நல்ல உறைப்பு.

இரண்டு வருடம் கழித்து அந்தக் கட்டி வருத்தம் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக்கு வரவே எனக்குக் கால் கூசியது. நான்தான் காரணம் என்று நம்பினேன் அக்கா. கடைசியில் ஒருநாள் உங்கள் கட்டிலருகே அதைச் சொல்லிவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து கல்லை எடுக்கச் சொன்னீர்கள்.

"இதைக் கொண்டுபோய் அங்கையே வையும். அந்தப் பழியையும் அங்கையே வைச்சிட்டு வாரும். உம்மாலை எனக்கு ஒண்டும் வரேல்லை."

நீங்கள் போன பிறகு, இலையுதிர்காலத்தில் தனியாகப் போனேன். பாறையின் அடியில் கல்லை வைத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். கார் நிறுத்துமிடம் வரை வந்துவிட்டேன். பிறகு மூச்சு வாங்க மேலே ஓடினேன்.

பழியை அங்கேயே விட்டுவிட்டேன் அக்கா. கல்லை விட மனம் வரவில்லை.