ஜி.எம். ஐயாவுக்குப் பாடிய பாட்டு

பிப்ரவரி 7, வியாழன்

காலையில் பனி. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணி லாரி வரவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு குடம் வாங்கினேன், அதற்கு அந்தம்மா முகத்தை வேறு பார்க்க வேண்டியிருந்தது.

ஆபீசில் சுற்றறிக்கை. நாளை முதல் மூன்று மாலை, திருவொற்றியூர் கடலோர மைதானத்தில் திறந்தவெளி இசை விழா. பந்தல் நம் கம்பெனி உபயம். அதனால் ஸ்டாஃப் எல்லோரும் மூன்று நாளும் வந்தாக வேண்டும், வருகைப் பதிவேடு உண்டு. பாட்டு கேட்கக் கையெழுத்து! பதினோரு வருடமாக இங்கே குப்பை கொட்டுகிறேன். அமுதா, உனக்குப் பாட்டு பிடிக்குமா என்று ஒருத்தராவது கேட்டதுண்டா?

பிடிக்காது. இந்த மாதிரி விழா எதற்கும் போனதில்லை. வீட்டிலேயே ஒரு கச்சேரியோடு குடித்தனம் நடத்துகிறேன், அது போதும்.

கருணா இன்று வேலைக்குப் போயிருக்கிறார். வேலை என்று எழுதவே சிரிப்பு வருகிறது. புளியந்தோப்பில் ஒரு பெரியவர் போய்விட்டார், சாவு வீட்டில் கானா பாட என் வீட்டுக்காரர். போனதும் சொந்தக்காரர்களிடம் நாலு கேள்வி. பேர் என்ன, தொழில் என்ன, எத்தனை பிள்ளை, எதை ஆசையாகச் சாப்பிடுவார். பதிலையெல்லாம் பாட்டில் கோத்துப் பாடி, அழாத மருமகளையும் அழவைத்துவிட்டு ஊதுவத்தி நாற்றத்தோடு வீடு திரும்புவார். கல்யாணமாகி எட்டு வருடம், நான் ஒரு தடவைகூடப் போய்க் கேட்டதில்லை.

ஆபீசைப் பொறுத்தவரை இவர் ஹார்பரில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க். நான் கொடுத்த உத்தியோகம். எட்டு வருடமாக அதே டாலி கிளார்க், ஒரு பிரமோஷன்கூடக் கொடுக்கவில்லை. உண்மை தெரிந்தால் கணக்குப் பிரிவில் ஒருத்திகூட என் டம்ளரைத் தொடமாட்டாள். எந்தத் தெரு, எந்த ஆளுங்க என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் வாசல்படி தாண்டியதும் பேச்சையே மாற்றிக்கொள்கிறேன். பெரம்பூர் என்று சொல்லியிருக்கிறேன், வியாசர்பாடி என்று சொன்னதில்லை.

பிப்ரவரி 8, வெள்ளி

காற்று இல்லை. கடல் பக்கத்திலேயே இருந்தும் புழுக்கம். எடுத்துப் போனவை: குடை, தண்ணி பாட்டில், பிஸ்கட், தலைவலி மாத்திரை இரண்டு. மாத்திரை இரண்டும் முதல் ஒரு மணி நேரத்திலேயே காலி.

ஐந்து மணி நிகழ்ச்சி. ஆறேகால் வரை "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்". பிறகு விழா நடத்தும் அம்மா மேடை ஏறினார். பெரிய பொட்டு, கைத்தறிச் சேலை, தோளில் சணல் பை, அடையாறிலிருந்து வருகிறாராம். உழைக்கும் மக்களின் வியர்வையில் பிறந்த இசை என்று முக்கால் மணி நேரம். வியர்வை எங்களுக்கு வந்தது. இசை வரவில்லை. பறை அடிக்க வந்தவர்கள் மேடை ஓரத்தில் பறையை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள்.

எங்கள் நாற்காலிக்குப் பின்னால் கயிறு கட்டி, அதற்கு அப்பால் குப்பத்துப் பெண்கள்.

"இன்னாக்கா, பாட்டு எப்ப? இந்தம்மா பேசிகினே கீது."

"அதான் பாட்டு போலகீது. கம்முனு கேளு."

சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றினேன்.

பறை நன்றாக அடித்தார்கள். அதற்குள் ஒரு வெள்ளைக்காரன் மண்ணில் மல்லாந்து படுத்து, ஆடுகிறவர்களின் காலுக்கு நடுவில் கேமராவை நீட்டினான். எவராவது மிதித்துவிடுவார்கள் என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிதிக்கவில்லை.

டெஸ்பாட்ச் பிரிவு புஷ்பா கேழ்வரகுக் கூழ் வாங்கி வந்தாள், மண் கலயத்தில். கண்ணை மூடிக்கொண்டு "எவ்ளோ டேஸ்ட் அமுதா, இதெல்லாம் எங்க கிடைக்குது?" என்றாள். என் அம்மா வியாசர்பாடி தெருமுனையில் குந்தி விற்றது இதே கூழ். அந்தப் பக்கம் இவள் வந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருப்பாள். நான் மட்டும் என்ன ஒழுங்கு? "நல்லாருக்கே, முதல் தடவையா சாப்பிடறேன்" என்றேன். தூ.

பிப்ரவரி 9, சனி

அரை நாள் ஆபீஸ். காலில் செருப்பு கடித்த புண்.

இன்று கிதாரும் நாதஸ்வரமும் சேர்ந்து ஒரு குழு. நாதஸ்வரக்காரர் பாவம், தப்பான கல்யாணத்துக்கு வந்துவிட்ட மாதிரி முழித்தார். கிதார்க்காரன் தலைமுடியை மட்டும் நன்றாக வாசித்தான். காற்று திரும்பி எங்கள் கம்பெனி ஃபேக்டரியின் அமோனியா வாடை வந்ததும் முன்வரிசை கர்ச்சீப்பை எடுத்தது. பின்னால் நின்ற சனம் அசையவில்லை. நாங்கள் தினமும் மூச்சு விடுவதே அதில்தானே.

எட்டு மணிக்குக் கைகழுவப் போனபோது நாளைய நிகழ்ச்சிப் பலகையைப் பார்த்தேன். மூன்றாவது வரி. மரண கானா, கருணா குழுவினர், ஞாயிறு 6.30.

இரண்டு தடவை படித்தேன். வடசென்னையில் கருணா ஆயிரம் பேர் இருக்கலாம். மரண கானா பாடும் கருணா ஒருத்தர்தான்.

புஷ்பா பக்கத்தில் வந்து நின்று, "மரண கானாவா? ச்சீ, இதெல்லாமா கூட்டிட்டு வராங்க" என்றாள். ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்தால் இவர் இல்லை, ஒத்திகையாம். சாப்பிடாமல் படுத்தேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு

காலை ஏழு. இவர் வெள்ளைச் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"என் கைல சொல்லவே இல்ல?"

"சொன்னா நீ வாணாம்ப. அதான்."

"எவன் உன்ன இட்டாந்தான் அங்க?"

"அந்த பெரிய பொட்டு அம்மாதான். ஒரு சாவு வூட்ல கேட்டுச்சு. செல்போன்ல புடிச்சுக்கிச்சு. ஆர்ட்டிஸ்ட்டுன்னு சொல்லிச்சு, அமுதா."

"எங்க ஆபீசு மொத்தமும் அங்க குந்தினு கீது. என் மானம் போவும். போவாத."

சட்டையைத் திருப்பிப் போட்டுக் காலரைத் தேய்த்தார். "மொத தபா, பொணம் இல்லாத எடத்துல பாடப்போறேன். ஜனங்க அழாம கேக்கும். பத்து நிமிசம். நீயும் ஒரு தபா கேளேன்."

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பொணந்தின்னி என்றும் சொன்னேன். இவர் சட்டையை மடிப்புக் கலையாமல் கையில் தூக்கிக்கொண்டு போனார்.

மாலை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தலைவலி என்று தப்பிக்கப் பார்த்தேன். பதிவேடு. போய் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் சோபாவில் சிறப்பு விருந்தினர், எங்கள் ஜி.எம். ராகவன் சார், மனைவியோடு. பெங்களூரிலிருந்து போன வருடம் வந்தவர். தமிழ் தெரியும், எங்கள் தமிழ் தெரியாது.

இவர் குழுவோடு ஏறினார். டோலக், டேப் என்கிற சின்னத் தப்பட்டை, ஒரு பானை. முதல் பாட்டு ஹார்பரில் மூட்டை தூக்கும் ஒருவனைப் பற்றி. இதை யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன்: நன்றாக இருந்தது. அந்தத் தொண்டையை எட்டு வருடமாக இருமலாகத்தான் கேட்டிருக்கிறேன். கூட்டம் மொத்தமும் கைதட்டியது, ஜி.எம். உட்பட. எனக்குக் கண் கலங்கியது. புஷ்பா பார்ப்பதற்குள் துடைத்தேன்.

இரண்டாம் பாட்டுக்கு முன் பொட்டம்மா மேடை ஓரம் வந்து, ஜி.எம். சோபாவைக் காட்டி இவர் காதில் ஏதோ சொன்னார். இவர் இறங்கி வந்து, சோபாவுக்குப் பின்னால் நின்ற ஜி.எம். டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் விரல் விட்டு எண்ணிப் பதில் சொன்னான். நாலு கேள்வி. இந்த ஆளுக்குப் பேர் வைத்துப் பாட வேறு பாட்டே தெரியாதே, ஐயோ!

ஃபேக்டரிய ஆண்டவரே, ராகவன் ஐயா
ரெண்டு பொண்ணப் பெத்தவரே, ராகவன் ஐயா
வஞ்சிரத்த ருசிச்ச வாயி, ராகவன் ஐயா
வாய்க்கட்டுல மூடிக்கீதே, ராகவன் ஐயா

கயிற்றுக்கு அப்பால் விசில் பறந்தது. ஒரு குப்பத்து அம்மா பழக்க தோஷத்தில் மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தேவிட்டாள். "அடியே, ஆளு உசுரோட குந்திகினு கீறான்டி" என்று இன்னொருத்தி அவள் கையைப் பிடித்தாள். ஜி.எம். புன்னகையோடு தொடையில் தாளம் போட்டார். அவர் மனைவி செல்போனில் வீடியோ எடுத்தார். பொட்டம்மா கண்ணை மூடி ரசித்தார். மண்ணின் குரலை மூன்று நாளாகக் கொண்டாடுகிறவர்களில் ஒருவருக்கும் அது என்ன சொல்கிறது என்று புரியவில்லை.

நாலாவது வரியில், பிணத்துக்குக் கட்டும் வாய்க்கட்டு வந்ததும், தான் என்ன பாடுகிறோம் என்று இவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளிறியது. ஆனால் நிறுத்தவில்லை. சாவுப் பாட்டைப் பாதியில் விட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது என்று இவர்களுக்கு ஒரு முறை. ஜி.எம்.முக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று, பாடை கட்டி, தெருமுனை திரும்பி, சுடுகாடு வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். முடித்ததும் கும்பிடவில்லை, வரேன் என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லையே. விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

அதற்குள் யாரோ பர்சனல் ஆபீசருக்கு அர்த்தம் சொல்லிவிட்டார்கள். அவர் ஜி.எம். காதில் சொன்னார். தொடையில் தாளம் நின்றது.

ஐந்து நிமிடத்தில் பர்சனல் ஆபீசர் என் வரிசைக்கு வந்தார். "அமுதா, கொஞ்சம் வாங்க. அந்த ஆள் பேசறது ஒண்ணும் விளங்கல. நீங்க இந்தப் பக்கத்தவங்கதானே, கேட்டுச் சொல்லுங்க."

மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் இவரை நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பொட்டம்மா சணல் பையைக் கட்டிக்கொண்டு, "எனக்கு எதுவும் தெரியாது, இவங்களா பாடினது" என்றார்.

பர்சனல் ஆபீசர் என்னைப் பார்த்தார். "இந்த ஆள உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. இவர் இரண்டடியில் நிற்கிறார். ஜெனரேட்டர் சத்தத்திலும் கேட்டிருக்கும். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கையைக் கட்டிக்கொண்டார்.

"மேடம், சார் கைல நீங்களே சொல்லுங்க மேடம். வேணும்னு பாடல. பத்து வருசமா செத்தவங்களுக்கே பாடிகினு கீறேன். உசுரோட கீறவங்களுக்கு இன்னா பாடறதுன்னு தெரியல. சாரு நூறு வருசம் நல்லா இருக்கணும்."

"என்னங்க சொல்றார்?"

"வருத்தம் தெரிவிக்கிறார் சார்" என்றேன்.

பிப்ரவரி 11, திங்கள்

மறுபடி பனி. எட்டு நிமிடம் லேட்.

ஜி.எம். இன்று வரவில்லை. திருஷ்டி கழிக்கக் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்கிறாள் புஷ்பா. பெரிய படிப்பு படித்தவர். கேண்டீனில் ஸ்டோர்ஸ் ஆள் ஒருத்தன் தட்டில் தாளம் போட்டு, மூக்கால் இழுத்து, இவர் மாதிரி பாடிக் காட்டினான். இவர் மாதிரி இல்லவே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். இந்த லட்சணத்தில் மற்றவர்களை எதற்குக் கேவலமாக எழுதுகிறேன் இந்த நோட்டில்?

வீடு. நேற்றிலிருந்து இவர் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அதற்கு என்னிடம் வேண்டிய அளவு சரக்கு இருக்கிறது. குடம் நிரப்பி வைத்திருந்தார். நெத்திலிக் குழம்பு சூடாக்கிப் போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஆபீசுல உன் பேரு எதுவும் அடிபடலையே?"

"இல்ல."

"மேடம்னு கூப்ட்டனே, அது கரீட்டாத்தான இருந்திச்சு? அதுல எவனும் கண்டுபுடிச்சிருக்க மாட்டானே?"

கேலி இல்லை. முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே கேட்கிறார்.

கரெக்டாத்தான் இருந்தது என்றேன்.