தில்லியிலிருந்து திறக்கும் மதகு

சாத்தனூர்க்காடு,
திருத்துறைப்பூண்டி தாலுகா.
அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகள் பிலோமினாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நானும் உன் அம்மாவும் இங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு, நல்லபடியாகவே இருக்கிறோம். உனக்கும் காய்ச்சல் முழுதாக விட்டு, தொண்டை தெளிந்து, உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். செவ்வாய்க்கிழமை டி.வி.யில் பார்த்தபோது கொஞ்சம் மெலிந்து தெரிந்தாய். அம்மா அப்படி இல்லை, பெட்டிதான் பழசு என்கிறாள்.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. லண்டன் டி.வி. கம்பெனிக்காரர்கள் நேர்முக வர்ணனைக்காக இரண்டு வருடத்துக்கு அழைத்திருப்பதையும், இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதையும், அப்பா சரி என்றால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நீ எழுதியிருப்பதையும் படித்தேன். உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. அதை நீ நம்புவாயா என்பது சந்தேகமாக இருப்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன். நான் பூகோள வாத்தியாராக இருந்தவன். மலையில் புறப்பட்ட ஆற்றைக் கடலில் சேர்க்காமல் பாதியில் விட எனக்கு வராது.

நம் வாய்க்கால் மதகு விவகாரம் உனக்குத் தெரியும். வடக்குப் பக்கம் ஜெய்னுலாபுதீன் ராவுத்தரின் பண்ணை நிலம், தெற்குப் பக்கம் அவரிடமே குத்தகைக்கு வாங்கி, இப்போது விட மாட்டோம் என்று நிற்கும் காத்தான் முதலியவர்களின் நிலம். ஒரு மாலையிலிருந்து மறு மாலை வரை ஒரு பக்கம், அடுத்த நாள் மறுபக்கம் என்று முறை. ராவுத்தரின் கடிகாரத்தில் மாலை சீக்கிரம் வரும், காத்தானின் கடிகாரத்தில் தாமதமாக வரும், மறுநாள் இரண்டும் தலைகீழாக மாறிவிடும். போன வருடம் இதில் நான்கு பேருக்கு மண்டை உடைந்து, கேஸ் இன்னும் நடக்கிறது. ஆட்சி மாறியபோது பஞ்சாயத்து டி.வி. அறைக்கு வர்ணம் மாறியதே தவிர மதகில் ஒன்றும் மாறவில்லை. இந்த வருடம் கடைமடைக்குத் தண்ணீர் வரும்போதே தாசில்தார் இரு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். எந்தக் கடிகாரத்தை நம்புவது என்பதிலேயே பொழுது போயிற்று. பள்ளிவாசல் பாங்கை வைத்துக்கொள்ளலாம் என்றால், பாங்கு சொல்லும் மோதினார் ராவுத்தர் வீட்டில்தான் சாப்பிடுகிறார் என்றார் காத்தான். நம் கோயில் மணி என்றால், மணி அடிக்கிறவன் காத்தானுக்குச் சம்பந்தி என்றார் ராவுத்தர். சாயங்கால பஸ் என்று யாரோ சொன்னதற்குத் தாசில்தாரே சிரித்துவிட்டார். அப்போதுதான் காத்தான் எழுந்து, "நம்ம சார் பொண்ணு டெல்லியிலேர்ந்து தெனம் பொழுதுசாய விளையாட்டு நியூஸ் சொல்லுதுல்ல? அது கும்புடு போடுற நேரத்துக்கு மதகை மாத்துவோம். டெல்லிக்குப் போயி கடியாரத்தைத் திருப்ப இவரு கையி அம்புட்டு நீளமா?" என்றார். ராவுத்தரும், "இவன் கையும் நீளாதுல்ல, அது போதும்" என்று உடனே ஒப்புக்கொண்டார். அவர்கள் எதிலாவது ஒத்துப்போய் அன்றைக்குத்தான் பார்த்தேன். செல்வி பிலோமினா விளையாட்டுச் செய்தி படிக்கத் திரையில் வந்து கை கூப்பும் கணத்தில் மதகுப் பலகை மாற்றப்படும், அதற்கு முன்போ அது இல்லாமலோ பலகையைத் தொடுகிறவர் மேல் போலீஸ் நடவடிக்கை என்று எழுதி, என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். உன்னைக் கேட்க வேண்டாமா என்று சொல்ல வாயெடுத்தேன். பேனாவை நீட்டினார்கள், போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து நடப்பதைச் சொன்னால் சிரிப்பாய். சாயங்காலம் ஊரே டி.வி. அறை முன்னால் கூடிவிடும். இங்கிலீஷ் யாருக்கும் புரியாது, உலகச் செய்தி, பங்குச்சந்தை எல்லாவற்றையும் வாயைத் திறக்காமல் கேட்பார்கள். நீ வந்து கை கூப்பியதும் நம் கோயில் திருவிழாவுக்கு வேட்டு வைக்கும் ஆரோக்கியம் வாசலில் அதிர்வேட்டைக் கொளுத்துவான், அந்தச் சத்தத்தில் மதகில் நிற்பவர்கள் பலகையை மாற்றுவார்கள். அப்புறம் நீ சொல்லும் ஹாக்கியையும் டென்னிஸையும் கேட்க என்னைத் தவிர ஆள் இருக்காது. எனக்கு ஆட்டம் விளங்காவிட்டாலும் அட்லஸை மடியில் வைத்துக்கொண்டு, நீ சொல்லும் ஊர்களைக் கண்டுபிடித்துவிடுகிறேன்.

ஒரு நாள் நீ பச்சைச் சேலையில் வந்தாய். அது ராவுத்தருக்குச் சாதகமான ஜாடை என்று தெற்குப் பக்கத்தில் கூச்சல். மறுநாள் சிவப்பு. நேரே காத்தானின் விவசாயச் சங்கக் கொடியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டதாக ராவுத்தர் என்னிடம் வருத்தப்பட்டார். மகளுக்கு எழுதுங்கள் என்று இருவரும் சொல்ல, கொடி எதிலும் இல்லாத நிறமாகப் பார்த்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அந்தக் கட்சிக்கு ஒன்று, இந்தக் கட்சிக்கு ஒன்று என்று கழித்துக்கொண்டே போனதில் சாம்பலும் கத்தரிப்பூவும்தான் மிஞ்சின. உனக்கு இரண்டும் எடுக்காது என்று அம்மா சொன்னதால் அதை எழுதாமல் விட்டேன்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. உன் இடத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு சர்தார்ஜி வந்து, பாவம், உன்னைவிட அழகாகவே கை கூப்பினார். ஆரோக்கியம் நெருப்புக் குச்சியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். ஒப்பந்தத்தில் உன் பெயர்தான் இருக்கிறது, சர்தார்ஜி கும்பிட்டதற்கு மதகு மாறாது என்றார்கள். அப்போது தண்ணீர் வடக்கே போய்க்கொண்டிருந்தது. நீ எழுந்து வரும்வரை அது வடக்கேயே போயிற்று. நட்டு வேர் பிடிக்காத பயிர் ராவுத்தருக்கு முழுகியது, காத்தானின் நாற்றங்கால் தெற்கே வெடித்தது. சரி, மிஞ்சிய தண்ணீரை வடிய விடுங்கள் என்று நான் ராவுத்தரிடம் சொல்லிப் பார்த்தேன். "வடிஞ்சா அது காத்தான் பக்கம்தானே போவும் வாத்தியாரே, அப்புறம் முறை இல்லாம தண்ணி வுட்டதா எம்மேலயே கேஸ் வரும்" என்றார். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னார். உன் உடம்புக்காகப் பள்ளிவாசலில் துஆ, நம் கோயிலில் பூசை. ராவுத்தர் வீட்டு நஃபீசா தேனும், காத்தான் சுக்கும் கருப்பட்டியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டையும் ஒரே பார்சலில் வைத்து அனுப்பியிருக்கிறேன், ஏதாவது ஒன்றை முதலில் பிரித்தாய் என்று யாருக்கும் எழுதிவிடாதே.

இந்த நிலையில்தான் உன் கடிதம் வந்தது. அம்மாவால் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. மீன்காரியிடம் சொல்லிவிட்டாள். மத்தியானத்துக்குள் ராவுத்தரும் காத்தானும் நம் வீட்டு பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "பொங்கல் வரைக்கும் புள்ளய அங்கன இங்கன அசையவேண்டாம்னு எழுதுங்க சார். அறுப்பு முடிஞ்சி லண்டன் என்ன, நிலாவுக்கே போவட்டும்" என்றார் காத்தான். பொங்கல்வரை லண்டன்காரன் காத்திருக்க மாட்டானே என்றேன். "ஏன், அவன் ஊர்ல அறுப்பு கிடையாதா? சொன்னா புரிஞ்சிக்குவான்" என்றார் ராவுத்தர். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். அதை உன்னிடம் மறைக்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் என் தலை தானாக ஆடும். எழுதவும் உட்கார்ந்தேன். பெற்றோர் வயதானவர்கள், கடல் தாண்டிப் போகவேண்டாம் என்று எழுதலாம் என்றார் ராவுத்தர். அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று எழுதினால் நிச்சயமாக நிற்பாள் என்றார் காத்தான். உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "எனக்கு ஏங்க நெஞ்சுவலி? வேணும்னா ஒங்க பொண்டாட்டிக்கு வரவச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சென்னையில் வெள்ளச் சேதம் சொல்ல நீ இடுப்பளவு தண்ணீரில் மைக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அது அப்போது எனக்கு நினைவு வந்தது. பெண்பிள்ளைக்கு ஹாக்கி என்ன தெரியும் என்று கேட்டார்கள் என்று எழுதினாய். வர்ணனை செய்கிறவருக்குத் தொண்டை கட்டிய அன்று வேறு ஆள் கிடைக்காமல் உன்னைக் கூப்பிட்டதும், அதற்கப்புறம் உன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்பதும் தெரியும். ஒவ்வொரு படியிலும் போகாதே என்று சொல்ல ஆள் இருந்தது, நான் மட்டும் சொன்னதில்லை. அது தைரியத்தால் அல்ல, எனக்கு யாரையுமே வேண்டாம் என்று சொல்ல வராது. ஆனாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என் பெண் ஒன்றும் மதகுப் பலகை இல்லை என்றேன். சத்தம் வரவில்லை போலிருக்கிறது. "என்ன சார்?" என்றார் காத்தான். திரும்பச் சொல்வது முதலில் சொல்வதைவிடக் கஷ்டம் என்று அன்று தெரிந்துகொண்டேன். திரும்பச் சொன்னேன். எழுத மாட்டேன், அவள் போகட்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

ராவுத்தர், "அப்ப நாங்க யார நம்பி தண்ணி வுடுறது வாத்தியாரே?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. காத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாரே கும்புடட்டும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "இவரு ஒங்களுக்கும் பயப்புடுவாரு, எனக்கும் பயப்புடுவாரு. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு பயம். இவரப்போல நடுநிலையா ஊருல யாரு இருக்கா?" என்றார். ராவுத்தர் யோசித்து, வாஸ்தவம்தான் என்று தலையை ஆட்டினார். மறுநாளே தாசில்தாரிடம் போய், உன் பெயருக்குப் பிறகு "அல்லது அவர் இல்லாத காலத்தில் அவருடைய தகப்பனார்" என்று சேர்த்துவிட்டார்கள். விளையாட்டுச் செய்தி என்று எழுதியிருப்பதால் கும்பிட்ட பிறகு செய்தியும் படித்தாக வேண்டுமாம், வெறுமனே கும்பிட்டால் செல்லாதாம்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். டி.வி. பெட்டியைத் துணி போட்டு மூடி, பக்கத்தில் மேஜை நாற்காலி போட்டு, அம்மா என் கல்யாணக் கோட்டைத் தேய்த்துக் கொடுத்தாள். ஊர் முழுக்க எதிரே உட்கார்ந்திருந்தது. முப்பது வருடம் வகுப்பில் பேசியவன், ஆனால் அந்தப் பிள்ளைகளெல்லாம் தூங்குவார்கள், இவர்கள் இமைக்காமல் என் கையையே பார்க்கிறார்கள். எப்படியோ கூப்பினேன். வேட்டு வெடித்ததில் நானே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். தண்ணீர் தெற்கே திரும்பிற்று. அப்புறம் முதல் நாள் பேப்பரைப் பார்த்து கிரிக்கெட், கால்பந்து, செஸ் எல்லாம் படித்தேன். எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன், தமிழில் இருந்ததால் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்கள். இந்தியா தோற்றதைப் படித்தபோது நான் சரியாகப் படிக்கவில்லை என்று காத்தானும் ராவுத்தரும் சேர்ந்து சண்டைக்கு வந்தார்கள்.

ஆகவே பிலோமினா, நீ போய் வா. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே லண்டனுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு, தண்ணீரைப் பற்றி யோசிக்காதே. அங்கே பனி அதிகம், கம்பளியை இங்கேயே நல்லதாக வாங்கிக்கொள். ஆட்டம் முடியும்முன் முடிந்துவிட்டது என்று சொல்லாதே, போன மாதம் ஒருமுறை அவசரப்பட்டாய். கோல் விழும்போது கொஞ்சம் மெதுவாகக் கத்து, தொண்டை உன்னுடையதுதானே. ஞாயிறு பூசையை விடாதே.

மாதா உன்னைக் கடல் தாண்டியும் காப்பாளாக. அம்மாவின் முத்தமும் என் ஆசீர்வாதமும். பார்சல் வந்து சேர்ந்ததா என்று எழுது, மறந்துவிடாதே. பதிலில் எனக்கும் ஒன்று சொல்லிக்கொடு. கை கூப்பி இறக்கியபின் அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது, பேசும்போது யார் முகத்தைப் பார்ப்பது? ராவுத்தரைப் பார்த்தால் காத்தான் முகம் வாடுகிறது. நீ யாரைப் பார்த்துப் பேசுகிறாய் அம்மா?

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
ச. அந்தோணிமுத்து