ஜன்னலுக்குப் போன ஜின்

மார்ச் 3, செவ்வாய்

நாளை மாமனார் வருகிறார். ஒரு மாதம் இருப்பாராம். "பாட்டில் இருக்கிற வீட்டுல கால் வைக்க மாட்டேன்" என்று எங்கள் கல்யாணத்தன்றே சொன்ன மனிதர். இங்கே தங்க வருவது இதுதான் முதல் தடவை. கணவர் என் ஜின் பாட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு மாசம்தானே?"

ஒரு மாசமா? வாரம் முழுக்க ஊரார் முழங்காலை மடக்கி நீட்டும் பிசியோதெரபிஸ்ட் நான். சனிக்கிழமை சாயங்காலம் அந்த உயரமான கிளாஸ் இல்லையென்றால் யார் காலையாவது தப்பான பக்கம் மடக்கிவிடுவேன்.

ஜின்னை வினிகர் பாட்டிலில் ஊற்றினேன். வினிகர் ஒரு ஜாம் பாட்டிலில் பரணுக்கு ஏறியது.

மார்ச் 7, சனி

கிளாஸ் நிறைய ஐஸ், ஓரமாக வெள்ளரி வட்டங்கள். புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு, அவ்வளவுதான். கசக்கினால் கசந்துவிடும். எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, 'வினிகர்'. மேலே சோடா, நீளக் கரண்டியால் ஒரே ஒரு கலக்கு.

மாமனார் பக்கத்திலேயே நின்றார்.

"வினிகர் எதுக்கும்மா?"

"செரிமானத்துக்கு, மாமா."

என் முகத்தில் பால் வடிந்திருக்கும்.

மார்ச் 10, செவ்வாய்

மாமனார் ஜன்னல் துடைக்கிறார். வினிகரால். என் வினிகரால்! "சும்மா உக்கார முடியலம்மா. கண்ணாடி எப்படி பளிச்சுன்னு இருக்கு பாரு." என்ன சொல்லித் தடுக்கறது?

மார்ச் 12, வியாழன்

பாட்டில் பாதிக்கு இறங்கிவிட்டது. இருப்பதோ மூன்று ஜன்னல். இது என்ன அரண்மனையா?

மார்ச் 13, வெள்ளி

சீக்கிரம் வீடு திரும்பினேன். துடைக்கும் துணி காய்ந்து கிடக்கிறது, ஜன்னலில் தூசி அப்படியே இருக்கிறது. புதினாத் தொட்டி மட்டும் மொட்டை.

ஓஹோ.

"அப்பாவா? இருக்கவே இருக்காது" என்கிறார் கணவர். மாமனாரைக் கேட்டால் நானும் மாட்டுவேன். அவர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால் இவர் உடைந்துபோவார். கேட்காவிட்டால் பாட்டில் தீரும்.

பரணிலிருந்து ஜாம் பாட்டிலை இறக்கினேன். வினிகர் தன் சொந்த வீட்டுக்குத் திரும்பியது, ஜின் பரணேறியது.

மார்ச் 14, சனி

மதியம் சமையலறையில் பெரிய இருமல். ஓடினேன். மாமனார் கண்ணில் தண்ணீர், கையில் உயரமான கிளாஸ், அதில் வெள்ளரி வட்டங்கள். எல்லாம் என் முறைப்படியே. புதினாவைக்கூடக் கசக்கவில்லை.

நான் அவரைப் பார்த்தேன், அவர் சோடாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த வினிகர் சரியில்லம்மா. ஜன்னலுக்கு அந்தப் பழசுதான் நல்லா இருந்துச்சு."

"மாத்திடறேன், மாமா."

சிரிப்பை அடக்கக் குளியலறைக்குப் போக வேண்டியிருந்தது.

மார்ச் 21, சனி

"அப்பா இன்னும் ஒரு மாசம் இருக்கேங்கறார். உனக்குக் கஷ்டமா இருக்குமா?" என்று கணவர் காதில் கிசுகிசுத்தார். மாமனார் வெள்ளரி நறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கிளாஸில் ஐஸ் நிரம்பியிருந்தது. தலை நிமிராமலே மூன்றாவதை எடுத்து வைத்தார்.

"உனக்கும் ஒண்ணு போடவாடா? செரிமானத்துக்கு நல்லது."

கணவர் பிளந்த வாயை இன்னும் மூடவில்லை. ஜன்னல் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி.