சாமியம்மாள் வலை வீசிய நாள்

2019 பிப்ரவரி 10, ஞாயிறு

ஓய்வு பெற்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உடம்புக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. இன்று காலையும் முதல் ஷிப்ட் பஸ் சத்தம் கேட்டதும் எழுந்து, சட்டை மாட்டி, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சாமியம்மாள் படுத்தபடியே கேட்டாள்: "எங்க கெளம்பிட்டீங்க? பெல்ட்டு நின்னுபோச்சின்னு ஆளு வந்துச்சா?"

நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அழுத காலமெல்லாம் இவளுக்கு இப்போது வேடிக்கையாக இருக்கிறது. இருக்கட்டும்.

வெயில் ஏறும் முன் வடலூர் போய், நாங்கள் கட்டும் வீட்டின் வேலையைப் பார்த்தோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குள் முடிய வேண்டும். கொத்தனார் கலியன் பின்சுவருக்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தார். சாமியம்மாள் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "பின்னால கொஞ்சம் எடம் வுடுங்க. ஒரு கொழாயும், சொரசொரன்னு ஒரு கல்லும் இருந்தா போதும்" என்றாள்.

எதற்கு என்றேன். சும்மாதான் என்றாள். சும்மா இருக்கிற கல்லுக்கு எதற்கு இடம், அங்கே ஸ்டோர் ரூம் வருகிறது என்றேன். கலியன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கலவை போடப் போய்விட்டார்.

பிப்ரவரி 14, வியாழன்

சென்னையிலிருந்து மகள் இசைப்பிரியாவின் போன். என் ஓய்வுக்குப் பரிசாம். வியட்நாம் போகிறோமாம், மார்ச் மாதம். வியட்நாம் என்றால் எனக்குத் தெரிந்தது பழைய சண்டைதான். "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிடுச்சுப்பா" என்று சிரிக்கிறாள். தனியாக அனுப்பினால் நாங்கள் ஓட்டல் அறையிலேயே உட்கார்ந்து டிவி பார்ப்போம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பக்கத்து குவார்ட்டர்ஸ் பீர் முகமதையும் சித்தீகாவையும் கூட்டுச் சேர்த்துவிட்டாள். பீர் என்னோடு ஒரே செக்‌ஷன், ஒரே மாதம் ஓய்வு. அவன் வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது.

பிப்ரவரி 17, ஞாயிறு

சுற்றுலாவில் ஒரு நாள் நம் விருப்பமாம். மலைக்கோயில் போகலாம், அல்லது ஆற்றங்கரைக் கிராமம் போகலாம். நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பெண்கள் இருவரும் கிராமத்தை முடிவு செய்துவிட்டார்கள். சித்தீகா போனில் ஒரு படம் காட்டினாள். நல்ல கீரைத் தோட்டம், பாத்தி பாத்தியாக.

"ஆத்துல படகு. அப்புறம் நம்ம கையாலயே சமையல்ங்க" என்றாள் சாமியம்மாள். கீரை என்றதும் எனக்கும் சரியென்று பட்டது.

என் சாப்பாட்டைப் பற்றி இதுவரை இந்த நோட்டில் எழுதியதில்லை. எழுத என்ன இருக்கிறது? அப்பா காலத்திலேயே நாங்கள் சன்மார்க்கத்துக்கு வந்தவர்கள். உயிரைக் கொன்று தின்பதில்லை. சாமியம்மாள் சேத்தியாத்தோப்புப் பக்கம், வெள்ளாற்றங்கரை. மீன் இல்லாமல் சோறு இறங்காத குடும்பம். பெண் பார்க்கப் போனபோது நான் சொன்னது ஒன்றே ஒன்று, என் வீட்டில் புலால் கூடாது என்று. தலையாட்டினாள். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டில் மீன் வாசனை கிடையாது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஆனால் சித்தீகா வீட்டு வாசனைக்கு என்ன செய்வது? அங்கே குழம்பு கொதிக்கும்போதெல்லாம் நான் சமையலறை ஜன்னலை மூடுவேன். சாமியம்மாள் திறந்து வைப்பாள். காற்று வேண்டுமாம்.

மார்ச் 9, சனி

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நாரத்தங்காய் ஊறுகாய், நான்கு நாளைக்குச் சப்பாத்தி. துணி வைக்க இடம் இல்லை.

மார்ச் 12, செவ்வாய். ஹோய் ஆன்

கோலாலம்பூரில் இறங்கி ஏறி, டா நாங் வந்து, அங்கிருந்து காரில் இந்த ஊர். தெருவெல்லாம் காகித விளக்கு. சப்பாத்தி காய்ந்து அப்பளமாகிவிட்டது. பீர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பரமசிவம், இத பெல்ட்டுல ஒட்டுப் போடலாம்டா" என்றான்.

மார்ச் 13, புதன். ஹோய் ஆன்

மோசம் போனேன்.

காலையில் லான் என்ற பெண் வந்து அழைத்துப் போனாள். வழிகாட்டி. இசைப்பிரியா வயதுதான் இருக்கும், வாய் ஓயாத பெண். கிராமத்தில் எங்களுக்குப் பழுப்பு நிறத்தில் தொளதொளவென்று ஒரு சட்டை, கால்சட்டை, ஆளுக்கொரு கூம்புத் தொப்பி. சாமியம்மாள் புடவைக்கு மேலேயே கால்சட்டையை ஏற்றப் பார்த்து, பிறகு உள்ளே போய் ஒழுங்காக மாற்றிக்கொண்டு வந்தாள். அவளைக் கால்சட்டையில் நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

கீரைத் தோட்டம் இருந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். பூவாளியால் தண்ணீர் கூட ஊற்றினேன். அது முடிந்ததும் ஆற்றங்கரைக்கு நடந்தோம். படகில் ஒரு பெரியவர், பெயர் டுங், வலையை உதறிக்கொண்டிருந்தார். லான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: இப்போது எல்லோரும் மீன் பிடிக்கப் போகிறோம், பிடித்ததைச் சமைக்கப் போகிறோம்.

நான் சாமியம்மாளைப் பார்த்தேன். அவள் ஆற்றைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"படகு, அப்புறம் சமையல்னு சொன்னேனே" என்றாள். நடுவில் இருந்ததைத்தான் விட்டிருக்கிறாள்.

சித்தீகா அவளைக் காப்பாற்ற வந்தாள். "நாந்தாண்ணே சொன்னேன். இங்க எதுல பன்னி கெடக்கும்னு தெரியல. மீனுன்னா நாங்க பயமில்லாம சாப்புடுவோம்." அதில் நியாயம் இருந்தது. ஆனால் நியாயத்தைச் சொன்னது சித்தீகா. சாமியம்மாளின் முகத்தில் இருந்தது வேறு.

படகில் ஏறினேன். ஏறாமல் கரையில் தொப்பியோடு தனியாக உட்கார்ந்து என்ன செய்வது?

டுங் முதலில் வீசிக் காட்டினார். வலை வட்டமாக விரிந்து விழுந்தது. அடுத்து பீர். வலை மூட்டையாகப் போய் விழுந்தது, பின்னாலேயே அவனும் போகப் பார்த்தான். சித்தீகா சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் சாமியம்மாள் எழுந்தாள்.

டுங் சொல்லிக்கொடுக்கக் கை நீட்டினார். அதற்குள் இவள் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிவிட்டாள். வலையில் ஒரு பங்கை முழங்கையில் போட்டாள், ஓரத்தை எடுத்துப் பல்லில் கடித்தாள். அந்த மனிதர் நீட்டிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டார். இவள் இடுப்பைத் திருப்பி ஒரு சுற்று. வலை முழு வட்டமாக விரிந்தது. ஈயக் குண்டுகள் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. டுங் கை தட்டினார். தொடக்கத்திலிருந்தே சித்தீகாவின் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த லான் கூவினாள்.

"எப்பக் கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"எங்கப்பாவுக்குக் கை ஒடிஞ்சி கெடந்தப்போ வூட்ல நாந்தான் வீசிகினு இருந்தேன். கல்யாணத்துக்கு முன்ன."

எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை? மீன் என்ற சொல்லையே எடுக்காத வீட்டில் வலையைப் பற்றி எங்கே சொல்வாள்?

வலையில் நாலைந்து மீன் துள்ளின. "மடவைங்க. நம்மூரு மடவை" என்றாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள், முகமெல்லாம் ஆற்றுத் தண்ணீர். எனக்கு அந்தத் துள்ளலைப் பார்க்க முடியவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மீனைப் பார்க்காமல் அவளை மட்டும் பார்ப்பது எப்படி என்று தொப்பியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.

பிறகு பரிசல். நம் ஒகேனக்கல் பரிசல் மாதிரியே மூங்கிலில் பின்னியது. ஓட்டுகிறவன் எங்களை உட்காரவைத்துப் பம்பரமாகச் சுற்றினான். பீர் கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கிவிட்டான்.

சமையலில் என் முறை வந்தது. அரிசியைக் கல் எந்திரத்தில் மாவாக அரைத்து, மஞ்சள் போட்டு, வாணலியில் ஊற்றுகிறார்கள். நம் தோசைக்கு உறவுதான். உள்ளே இறால் வைப்பார்கள், எனக்கு மட்டும் முளைப்பயறும் காளானும். ஞாயிற்றுக்கிழமை தோசைக்கல் எங்கள் வீட்டில் என் பொறுப்பு, அதனால் கை தானாகப் போனது. ஓரம் முறுகலாக எடுத்து மடித்துப் போட்டேன். லான் என்னை "செஃப்" என்றாள். பீர் கேட்கும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

பக்கத்து அடுப்பில் மடவை. மஞ்சள் தடவி வாழை இலையில் சுற்றிச் சுட்டார்கள். எல்லோரும் உட்கார்ந்தோம். சாமியம்மாள் தட்டிலும் லான் ஒன்றை வைத்தாள். இலையைப் பிரித்தாள். ஆவி வந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில் கேட்டாள்.

"சாப்புடட்டுமா?"

நான் சொன்னேன்: "உன் இஷ்டம்."

இலையைத் திரும்ப மூடினாள். சித்தீகாவின் தட்டுக்குத் தள்ளிவிட்டு, "உங்க தோச ஒண்ணு வைங்க" என்றாள். தோசை நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லையே. பிறகு ஏன்?

மார்ச் 14, வியாழன்

ஊர் சுற்றினோம். சாமியம்மாள் சாதாரணமாகத்தான் இருக்கிறாள். எனக்குத்தான் எதுவும் சரியில்லை.

மார்ச் 19, செவ்வாய். நெய்வேலி

வந்து சேர்ந்தோம். சித்தீகா வீட்டில் சாமியம்மாள் வலை வீசும் வீடியோவைப் பார்க்க பிளாக்கே கூடியிருக்கிறது. மந்தாரக்குப்பத்திலிருந்து பீரின் அண்ணன் குடும்பம் வேறு. பீர் ஒவ்வொரு தடவையும், தான் தண்ணீரில் விழப்போன இடத்தை மட்டும் ஓட்டிவிடுகிறான்.

அவனை வெளியே அழைத்துப் போய்க் கேட்டேன். "நான் வேண்டாம்னு சொல்லலையேடா. உன் இஷ்டம்னுதானே சொன்னேன்?"

பீர் நின்றுவிட்டான். "பரமசிவம், செக்‌ஷன்ல பசங்க உங்கிட்ட லீவு கேப்பானுங்க. நீ உன் இஷ்டம்பே. எவனாவது லீவு போட்டானா?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவனும் போட்டதில்லை.

"அவனுங்களுக்காவது யூனியன் இருந்துச்சு" என்றான் பீர்.

மார்ச் 21, வியாழன்

இரண்டு நாளாக இதே நினைப்பு. நான் சாப்பிடமாட்டேன். அதில் மாற்றம் இல்லை, அந்தத் துள்ளலைப் பார்த்த பிறகு இன்னும் உறுதி. ஆனால் அது என் நெறி. அப்பா வழியில் வந்தாலும் நானாக விரும்பி ஏற்றது. அவள் எப்போது ஏற்றாள்? பெண் பார்க்க வந்த இடத்தில் சுற்றி அத்தனை பேர் நிற்க, தலையாட்டாமல் ஒரு பெண் வேறு என்ன செய்வாள்? தேசம் விட்டுத் தேசம் போய், தன் கையால் பிடித்த மீனைத் தின்ன என்னிடம் அனுமதி கேட்டாளே. அவள் சாப்பிடாததுகூட இல்லை, கேட்டதுதான் குத்துகிறது. வெட்கமாக இருக்கிறது.

பின்பக்கம் ஒரு குழாய், சொரசொரவென்று ஒரு கல். சும்மாதான் என்றாளே. சும்மா இல்லை. இப்போதுதான் உறைக்கிறது. மீன் செதிளை அதில்தான் உரசுவார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

வடலூர் போனோம். சாமியம்மாள் ஹோஸ் பிடித்து, பூசிய சுவருக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நான் கலியனிடம் சொன்னேன்: ஸ்டோர் ரூம் வேண்டாம். அந்த இடத்தில் ஒரு குழாய், தண்ணீர் ஓட ஒரு வழி, சொரசொரவென்று பொளிந்த கருங்கல் ஒன்று, பக்கத்தில் தனியாக ஓர் அடுப்பு மேடை.

"கல்லு எதுக்கு சார்? துணி தொவைக்கன்னா வழவழன்னு போடணும்."

"மீன் உரச" என்றேன்.

கலியன் என் சட்டைப்பையைப் பார்த்தார். அதில் எப்போதும் சன்மார்க்க சபைப் படம் ஒன்று இருக்கும். "சார் வூட்லயா?"

"எங்க வீட்டம்மாவுக்கு."

சாமியம்மாள் ஒரே இடத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். பூச்சு கரைந்துவிடும்மா என்று கலியன் ஓடிப்போய் ஹோஸை வாங்கினார்.

பஸ்ஸில் வரும்போது, "ஸ்டோர் ரூம்பு இல்லாம சாமானெல்லாம் எங்க வெப்பீங்க?" என்று கேட்டாள். வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

ஜூன் 16, ஞாயிறு. வடலூர்

போன வாரம் விளக்கேற்றிக் குடிவந்தோம். வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டோம். பீர் மூன்று தடவை பாயசம் வாங்கினான்.

கல்லில் மிளகாய் காய்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

கல்லில் வடகம் காய்கிறது. கேட்கலாமா? கேட்டால் அதுவும் ஓர் உத்தரவு மாதிரி ஆகிவிடுமோ? 'உன் இஷ்டம்' என்பதை இந்த வீட்டில் நான் சொல்வதாக இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் எழுந்தபோது சாமியம்மாள் வீட்டில் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள். போன் அடித்தேன். "சேத்தியாத்தோப்பு பஸ்ல வந்துகினு இருக்கேன். மாவு பிரிட்ஜில இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

கூடையோடு வந்தாள். நேராகப் பின்பக்கம் போனாள். வடகத்தை முறத்துக்கு மாற்றி, கல்லைக் கழுவி, சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கெண்டை. சரக் சரக் என்று உரசும் சத்தம் கேட்டது. நான் உள்ளே என் அடுப்பில் தோசைக்கல்லை ஏற்றினேன். மாவில் கொஞ்சம் மஞ்சள் போட்டு, லான் காட்டிய மாதிரி ஓரத்தை முறுகவிட்டேன்.

குழம்பு கொதித்து வாசனை உள்ளே வந்தது. எழுந்து ஜன்னல் வரைக்கும் போனேன். கொக்கியை இறுக்கமாக மாட்டி, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி வைத்துவிட்டு வந்தேன்.

ஒரே மேசையில் உட்கார்ந்தோம், அவளுக்குச் சோறும் குழம்பும், எனக்குத் தோசை. அவள் இடதுகையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, முள்ளை எடுத்து ஓரமாக வைத்து, முதல் வாயைச் சாப்பிட்டாள்.

என்னை எதுவும் கேட்கவில்லை.