காரும் ஆக்ஸிஜன் மெஷினும்

மல்காஜ்கிரி,
11-5-2013

அன்புள்ள கௌஷிக்,

அங்கே நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பா உயிரோடு இருக்கிறார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய். அதனால் எழுதி, பக்கத்து வீட்டு கிரிஜாவின் மகளிடம் கொடுத்து மெயிலில் அனுப்பச் சொல்கிறேன்.

நீ வாங்கிக் கொடுத்த எலக்ட்ரிக் காருக்குப் பார்க்கிங்கில் பிளக் பாயிண்ட் வைக்க அசோசியேஷன் செகரட்டரி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. நக்கோ, வேண்டாம் ஆன்ட்டி, இன்னிக்கு உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வாஷிங் மெஷினைத் தூக்கிக்கிட்டுக் கீழ வருவாங்க என்று சிரிக்கிறார். மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து வயரைத் தொங்கவிட்டோம். வயர் இழுத்த யூசுப் வாணியம்பாடிக்காரர், நம்மோடு தமிழ் பேசுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம். கரண்ட் போனாலும் உங்க வண்டி நிக்கக் கூடாதும்மா, அதான் இன்வர்ட்டர் லைன்லயே குடுத்துட்டேன் என்றார். நான் காபி கொடுத்து அனுப்பினேன். அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷினும் அதே லைனில்தான் ஓடுகிறது என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வழக்கம்போலக் கரண்ட் போனது, கார் சார்ஜில் இருந்தது, அந்தச் சுமை தாங்காமல் இன்வர்ட்டர் ஒருமுறை கத்திவிட்டு அணைந்துவிட்டது. நான் கீழே வெண்டைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். மேலே வந்தால் அப்பாவுக்கு உதடெல்லாம் நீலம், குரல் எழும்பாமல் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறார். சத்தம் கேட்டு ஓடிவந்த கிரிஜா அவசரத்துக்கு வைத்திருக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்துவிட்டாள், பிழைத்தார்.

வேறு லைனுக்கு மாற்றித் தருகிறேன் என்று யூசுப் அழாக்குறையாக நிற்கிறார். செகரட்டரியோ பால்கனியில் இனி வயரே தொங்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார், அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வாரம் எலக்ட்ரிக் காரையும் ஹைபிரிட் காரையும் ஒப்பிட்டு நீ அனுப்பிய அட்டவணையில் வெளியே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சார்ஜ் செய்யும் இடம் ஊரின் மறுகோடியில், மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் இருக்கிறதாம். அங்கே ஒரு நிமிஷம்கூடக் கரண்ட் போவதில்லை, இங்கே தினமும் மூன்று மணி நேரம் போகிறது. அந்தக் கண்ணாடி மின்னுவதற்கு யார் வீட்டை அணைக்கிறார்கள் என்று உங்களில் ஒருவராவது கேட்டதுண்டா? போய்த் திரும்புவதற்குள் நிரப்பியதில் பாதி தீர்ந்துவிடும். ஹைபிரிட் பெட்ரோலில் ஓடும், ஓடும்போதே தன் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும் என்பது எனக்கும் புரிகிறது. விலை அதிகம், யோசிக்கலாம் என்கிறாய். எதை யோசிப்பது? ஹைபிரிட்டோ பழைய பெட்ரோல் வண்டியோ, சுவரில் செருக வேண்டாத ஒன்றாக இருந்தால் போதும். ஆட்டோக்காரர்கள் சிலிண்டரைக் கண்டாலே வெடிக்கும் என்று ஓடுகிறார்கள். டாக்டர் திங்களும் வியாழனும் தவறாமல் வரச் சொல்லியிருக்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு. அப்பாவும் நானும் உனக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறோம், என் கோபம் அதைக் குறைக்காது. காரில் இன்னும் இருபது கிலோமீட்டர்தான் ஓடும் என்று காட்டுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்வரப் பதினெட்டு. திங்கட்கிழமை நான் ஓட்டிக்கொண்டு போய்விடுவேன். வியாழக்கிழமைக்கு வழி சொல்.

உன் அம்மா,
ஜலஜா