லயம் ஏன் அடங்கிக் கிடக்கிறது

சேசு மரி சூசை துணை

பொகவந்தலாவை,
மேல் டிவிசன்.

அன்பு மகள் ஜெரோமிக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே உன் அம்மா சுகம், அண்ணன் மிலான் சுகம். நானும் சுகம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், அது உண்மையா என்று உன்னிடம் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அங்கே சைப்ரசில் நீயும் நீ வேலைக்கு நின்று பார்த்துக்கொள்ளும் அந்த வயதான பெரியம்மாவும் நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் கேட்டால் என்ன என்று நினைப்பாய். எப்படிக் கேட்பது? உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் ஏதாவது கேட்க வாயெடுத்தால் அப்பாவுக்குக் களைப்பா இருக்கு, நாளைக்குப் பேசுவோம் என்று வெட்டிவிடுகிறாள். அதனால்தான் அவள் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் நேரம் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். சோலைமலையின் மருமகள் லீவு முடிந்து அங்கேதான் திரும்பி வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுவேன். கவர் ஒட்டினபடியே இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

முதலில் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்கிறேன். பித்தப்பையில் கல் என்று வெட்டி எடுத்தார்கள், அது உனக்குத் தெரியும். வெட்டினது பெரிய வலி இல்லை, தூக்கம் இல்லாததுதான் என்னை வாட்டி எடுத்தது. வாட்டில் விளக்கை அணைக்கவே மாட்டார்கள். ஒருவர் இருமுவார், ஒருவர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், கொஞ்சம் கண் அசந்தால் நர்ஸ் மிஸ் வந்து கையில் பட்டியைச் சுற்றி பிரஷர் பார்ப்பார். தூங்குங்க ஐயா என்று சொல்வதும் அவர்தான், எழுப்புவதும் அவர்தான். போதாததற்குப் பக்கத்துக் கட்டிலில் சரிபுதீன் நானா, நம் பசாரில் துணிக்கடை வைத்திருக்கிறாரே, அவர். நான் எப்போது திரும்பினாலும் மனிதர் கண்ணைத் திறந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ அனுப்பின பிளாஸ்க் என் தலைமாட்டில் இருந்தது. கடை வைத்திருக்கிறவர்தான், ஆனாலும் வெளிநாட்டுச் சாமான் என்றால் யாருக்கும் ஒரு சபலம் வரும் இல்லையா. அதன்மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டே கிடந்தேன். வீட்டுக்கு வருகிற அன்று அவரே வாய்விட்டுச் சொன்னார், அந்தோனி அண்ணே, நீங்க ராவெல்லாம் முழிச்சிக்கிட்டு என்னையே பாத்தீங்க, என் தலையணைக்குக் கீழ போன் இருந்திச்சி, பயத்துல நான் ஒரு பொட்டுத் தூங்கல்ல என்றார். அவருக்குப் பிளாஸ்கிலிருந்து ஒரு கோப்பை வெந்நீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மிஸ் தூக்க மாத்திரை ஒன்று கொடுத்தார், அதையும் நான் விழுங்கவில்லை. தூங்க வைத்துவிட்டு என்ன செய்வார்களோ யாருக்குத் தெரியும். கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்து அவர் போனதும் துப்பிவிட்டேன். என்னுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது மகள். எடுத்த பித்தப்பையைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று டாக்டர் சொன்னார். கல்லை எடுத்தாயிற்று, பிறகு எதற்குச் சோதனை? வீட்டுக்குப் போகலாம் என்று துண்டுச் சீட்டு வெட்டி அனுப்பும்போது அந்த மிஸ் உன் அம்மாவை வாசலுக்குத் தனியே கூப்பிட்டு வெகுநேரம் ஏதோ சொன்னார். அம்மா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். என்ன சொன்னாங்க என்று கேட்டேன், ஒண்ணுமில்லங்க, சாப்பாட்டு விசயம் என்றாள். சாப்பாட்டு விசயத்துக்கு யாராவது கண் கலங்குவார்களா? சோதனை முடிவு என்ன ஆயிற்று என்று மிலானிடம் கேட்டேன், திரீவீலர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமலே, ஒண்ணும் இல்லியாம் அப்பா என்றான்.

வீட்டுக்கு வந்தால் தூக்கம் வரும் என்று நினைத்தேன். வந்த பிறகுதான் இருந்த கொஞ்சமும் போயிற்று. ஒரே கூரைக்குக் கீழே அத்தனை குடும்பம் இருக்கிற லயத்தில் ஒரு சத்தமும் இல்லை. உனக்கே தெரியும், நான் பேக்டரியில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்து பகலெல்லாம் தூங்கினவன். ஒரு பக்கம் பொன்னையா வீட்டு ரேடியோ, மறுபக்கம் காளியாயி பிள்ளைகளைக் கூப்பிடுகிற கூப்பாடு, பீலியில் வாளிச் சத்தம், கோயில் ஸ்பீக்கர், இதற்கு நடுவில் கட்டை மாதிரி கிடப்பேன். இப்போது பொன்னையா ரேடியோவே போடுவதில்லை. நம் காம்பராவுக்கும் அவர் காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் கிடையாது, அவர் இருமினால் கூட வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது கேட்கிறது. காளியாயி வாளியைத் தரையில் வைக்கும்போது குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வைக்கிறாள். கோயிலைப் பார்த்துக்கொள்கிற முத்துலிங்கம் அங்கே உள்ள ஸ்பீக்கரை அந்தப் பக்கம் மலைக்குத் திருப்பிக் கட்டிவிட்டாராம். உன் அண்ணன் காலையில் திரீவீலரை ஸ்டார்ட் பண்ணாமல் ரோட்டு முடக்கு வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறான். ஏதோ பெண் விவகாரம், ஒளிந்து போகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் எல்லாவற்றையும் சேர்த்து யோசித்தேன். நம் லயம் எப்போது அடங்கும், நீயே சொல். ஆள் சாகக் கிடந்தால்தான் அடங்கும். இராமையா பெரியப்பா இழுத்துக்கொண்டு கிடந்தபோது நீ சின்னப் பிள்ளை, நீ சிரித்துவிட்டாய் என்று அம்மா உன் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போனாளே.

இன்னும் இருக்கிறது. உன் அம்மா இப்போதெல்லாம் என்னைத் திட்டுவதே இல்லை. கல்யாணம் கட்டின நாளிலிருந்து என்னைத் திட்டாமல் அவளுக்கு ஒரு வேளைச் சோறு இறங்கினதில்லை. இப்போது என்னங்க வேணும், சூப் வைக்கவா என்று பூனைக்குட்டி மாதிரி கேட்கிறாள். டீயில் அந்த மாத்திரையைக் கலக்கிறாளோ என்று கூட நினைத்தேன். அவள் திரும்பின நேரம் கோப்பையை மாற்றி வைத்துப் பார்த்தேன், அன்று அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. அதற்கடுத்து பாதர் வந்தார். ஜெபம் சொல்லி நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார். எனக்கு உயிரே போய்விட்டது. அது சாகக் கிடக்கிறவர்களுக்குச் செய்கிற அவஸ்தை பூசுதல் இல்லையா? எங்கள் காலத்தில் அந்த எண்ணெயைத் தொட்ட ஆள் எழுந்து நடந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே நீ லீவு கேட்டிருக்கிறாயாம். ஒப்பந்தம் முடியாமல் லீவு இல்லை, போனால் வேலையும் போகும் என்று சொன்னவள் நீ. இப்போது திடீரென்று எதற்கு? அவர்கள் உனக்குச் சொல்லிவிட்டார்கள், எனக்குத்தான் சொல்லவில்லை. ஜெரோமி, எனக்குச் சாவதற்குப் பயம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரும் தெரிந்துகொண்டு என்னைச் சுற்றி விரலை வாயில் வைத்துக்கொண்டு நடக்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்து நீ எனக்குப் பொய் சொன்னதில்லை. என்ன வியாதி, எவ்வளவு காலம் என்று எனக்கு எழுது. எனக்காக வேலையை விட்டுவிட்டு மட்டும் வந்துவிடாதே.

இதுவரை எழுதி மடித்து என் பழைய கோட்டுப் பையில் வைத்திருந்தேன். அதற்குள் இங்கே நடந்ததே வேறு, அதையும் எழுதாமல் இதை அனுப்ப முடியாது. நேற்று அம்மா தண்ணீருக்குப் போயிருந்தபோது காளியாயி வாசலில் வந்து நின்றாள். அண்ணே, இப்பவாவது நல்லாத் தூங்குறீங்களா என்று ரகசியம் மாதிரிக் கேட்டாள். உனக்கு எதுக்கு அது என்றேன். இல்லண்ணே, ஞாயித்துக்கிழம எங்க மகளுக்குச் சடங்கு வச்சிருக்கோம், ஸ்பீக்கர் கட்டாம எப்பிடிச் சடங்கு செய்யிறது, ஒங்க தூக்கத்தக் கெடுத்தா ஒங்க வீட்டு சிசிலி அக்கா எங்கள உசுரோட விடாது என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு, இந்தா பார் காளியாயி, சாகப் போறவன்கிட்ட ஏன் இப்படி நாடகம் ஆடுறீங்க, நான் போற வரைக்கும் ஏன் காத்திருக்கணும், உன் பாட்டை நீ போடு என்றேன். யாருண்ணே சாகப் போறது என்றாள். நான்தான் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் சேர்த்துச் சிரித்தாள், பொன்னையா என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார். அட சாமி, நீங்க தூங்கணும்னுதான் ஊரே வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்கு, அக்கா வீடு வீடா வந்து கையப் புடிச்சிக் கேட்டுச்சே, ஒங்களுக்குத் தெரியாதா என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள்.

அம்மா வாளியோடு வந்தாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். தூங்கினால்தான் காயம் ஆறும், அவர் இங்கே சுத்தமாகத் தூங்கவே இல்லை, மாத்திரையையும் துப்பிவிடுகிறார், வீட்டில் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் அந்த மிஸ் அம்மாவை வாசலில் நிறுத்தி வைத்திருந்தாராம். நான் துப்பினது அவருக்குத் தெரிந்திருக்கிறது பார். அதைக் கேட்டுத்தான் இவள் கண் கலங்கியிருக்கிறாள். பிறகு அந்த முழங்கால் வலியோடு மேல் லயம் கீழ் லயம் எல்லாம் ஏறி இறங்கியிருக்கிறாள். பாதர் இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற எல்லாருக்கும் எண்ணெய் பூசுகிறாராம், அது குணமாவதற்காம். நான் சாகிறேன் என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன் என்றதும் உன் அம்மா வாளியை டம்மென்று வைத்தாள். அப்புறம் ஆரம்பித்தாள் பார், ஒங்க புத்திக்கு நீங்க நூறு வருசம் இருந்து எங்களச் சாகடிப்பீங்க என்பதில் தொடங்கி, என் தாய் தகப்பன் வரைக்கும் போய்விட்டு வந்தாள். திட்டிக்கொண்டே அழுதாள். அந்தத் திட்டைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உனக்குத்தான் சொல்கிறேன், அவளிடம் சொல்லிவிடாதே.

பிறகு உன் கதையும் வெளியே வந்தது. போனில் அம்மா பேசும்போது, ஏம்மா பின்னால ஒரு சத்தமும் கேக்கல, பொன்னையா மாமா ரேடியோ எங்க, காளியாயி சித்தி குரல் எங்க என்று கேட்டாயாம். ஒண்ணுமில்ல மகள், அப்பா தூங்கணும் என்று இவள் சொன்னாளாம். நீ அதை நம்பவில்லை. அடுத்த நாளே லீவு கேட்டுவிட்டாய். அங்கே அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் நினைத்ததையே நீயும் நினைத்திருக்கிறாய். என் பிள்ளை இல்லை என்று யார் சொல்ல முடியும்.

இன்று கிளினிக்குக்குப் போனேன். மிலானை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் டாக்டரிடம் நேராகவே கேட்டேன், எனக்குப் புற்றுநோயா, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லை, வெறும் கல்தான், எடுத்ததை எல்லாருக்குமே அனுப்பிச் சோதிப்போம் என்றார். உங்களை என் மனைவி முன்னமே வந்து பார்த்தாளா என்றும் கேட்டேன். அதற்கு அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வந்து படுத்தேன், காளியாயி வீட்டில் ஸ்பீக்கரைக் கட்டிச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தகரமெல்லாம் அதிர்ந்தது. எப்போது தூங்கினேன் என்றே தெரியவில்லை.

இனி லீவு விசயம். அப்பா சாகக் கிடக்கிறார் என்று சொல்லித்தான் அந்த வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டிருப்பாய், அவரும் அதற்காகத்தான் வேலையைப் பிடித்து வைத்துவிட்டு உன்னை அனுப்பச் சம்மதித்திருப்பார். இப்போது அவரிடம் உண்மையைச் சொல், அப்பா சாகவில்லை என்று சொல். சொல்லிவிட்டு லீவை மறுபடியும் கேள். மேலே வராதே என்று எழுதினேன், அதை அடித்துவிட்டு வாசி. முத்துலிங்கத்தின் மகன் கட்டாரிலிருந்து வந்தபோது அவன் அம்மா பெட்டியில் கிடந்தாள். அவளுக்கென்று வாங்கி வந்த போர்வையை வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் நின்றதை நான் பார்த்தேன். சாவுக்கு லீவு கொடுக்கிறவர்கள், இருக்கிறவர்களைப் பார்க்கவும் கொடுப்பார்களா என்று கேட்டுப் பார் மகள். இப்போது கிடைக்கவில்லை என்றால் ஒப்பந்தம் முடியட்டும், காத்திருக்கிறோம். ஆனால் நான் செத்தால் நீ வராவிட்டாலும் பரவாயில்லை. நான் பார்க்கும்படி ஒரு தடவை வா.

குளிருக்குத் தலையை மூடிக்கொள், அந்தப் பெரியம்மாவைத் தூக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். அம்மா, அண்ணன், லயத்து எல்லாருடைய அன்பும் உனக்கு. ஒன்றை மறந்துவிடாதே, வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வா. சொல்லாமல் வந்து வாசலில் நின்றால், டாக்டர் பொய்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

உன் அப்பா,
அந்தோனிமுத்து